நான் மாற்றி வாசித்த கடிதம்

அன்று எங்கள் முற்றம் முழுக்கச் சின்ன வெங்காயம். தோட்டத்திலிருந்து வந்த மூட்டைகளைப் படங்கில் கொட்டி, உம்மாவும் அயல் பெண்கள் நாலைந்து பேரும் சுற்றி உட்கார்ந்து தாள் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெங்காயம் கிண்டுகிற காலத்தில் எங்கள் ஊர் மாம்புரியின் காற்றுக்கு இரண்டு மணம். கடல் பக்கமிருந்து அடித்தால் கருவாடு, தோட்டப் பக்கமிருந்து அடித்தால் வெங்காயம்.

பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடப் பரீட்சை எழுதிச் சில மாதங்களுக்குப் பிறகு, விடுமுறைக்கு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தேன். பையை இன்னும் கீழே வைக்கவில்லை. உம்மா கத்தியை வைத்துவிட்டு எழுந்தார். கையைச் சேலைத் தலைப்பில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அலுமாரியிலிருந்து ஒரு நீள உறையை எடுத்து வந்தார்.

"உன்ட கம்பஸால வந்திருக்கு மகள். மூண்டு நாளா வெச்சிருக்கன். வாசி."

உறை ஒட்டியபடியே இருந்தது. பிரிப்பதற்குக்கூட உம்மா யாரிடமும் கொடுக்கவில்லை.

"உள்ளுக்குப் போய் வாசிக்கிறன் உம்மா."

"ஏன், இவங்களும் கேக்கட்டுமே."

"அதானே," என்றார் பக்கத்து வீட்டு ஜெஸீமா மாமி, தலையை நிமிர்த்தாமல். "எங்களுக்கும் தெரியத்தானே வேணும், கம்பஸில என்ன சொல்றாங்கண்டு. கலியாணம் கட்டிக் குடுத்திருந்தா இண்டைக்கு இடுப்பில ஒண்டு, கையில ஒண்டு. அத விட்டுட்டுப் போன புள்ள, சும்மாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் உறையைக் கிழித்தேன். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. மூன்றாவது வரியில் 'வருந்துகிறோம்' என்ற சொல் நின்றது. அதற்குப் பிறகு இரண்டு பாடங்களின் பெயர்கள். அதற்குப் பிறகு, இரண்டாம் வருடத்துக்குச் செல்ல அனுமதி இல்லை என்ற வசனம்.

அதற்குக் கீழே நான் வாசிக்கவில்லை. கண் எரிந்தது. வெங்காயம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

'வருந்துகிறோம்' இருந்த இடத்தில் 'மகிழ்ச்சியடைகிறோம்' என்று வாசித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "தங்கள் மகள் முதலாம் வருடப் பரீட்சையில் பீடத்திலேயே முதலாம் இடத்தைப் பெற்றுள்ளார் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்," என்று, தமிழில் மொழிபெயர்க்கிறவள் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அரசாங்கக் கடிதங்களின் தமிழ் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இன்னும் ஒரு வரி வந்தது. "இவ்வாறான பிள்ளையை வளர்த்தெடுத்த தாயாருக்கும் எமது பாராட்டுகள்."

கத்திகள் நின்றன.

"என்னையும் எழுதி இருக்கா?" என்று கேட்டார் உம்மா.

"ஓம்."

"எதில? காட்டு."

நான் விரலை வைத்துக் காட்டினேன். உண்மையில் அந்த இடத்தில் பதிவாளரின் கையெழுத்து இருந்தது.

ஒரு வாசகியின் கேள்வி

போன மாதம் ஒரு வாசகி, நான் எழுதிவருகிற இந்தத் தொடரைப் பற்றி எழுதியிருந்தார். "நீங்கள் பரிசு வாங்கியது, மேடை ஏறியது, ஊரே கையசைக்கப் பஸ் ஏறியது எல்லாம் வாசித்தோம். நீங்கள் ஒரு பிழையும் விடவே இல்லையா?" என்று கேட்டிருந்தார். கேலியாகத்தான் கேட்டார். அந்தக் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இதை எழுதத் தொடங்கினேன்.

இதைச் சொல்வதற்கு, எங்கள் வீட்டில் வாசிப்பது என்றால் என்னவென்று முதலில் சொல்ல வேண்டும்.

கொட்டில் கடதாசி

போர்க்காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது உம்மா என் அண்ணனை, நானாவை, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். நான் பிறந்தது இங்கே, அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில். நான் நடக்கப் பழகுமுன்னே வாப்பா காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். உம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. நானாவும் சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கரைவலைக்குப் போனான்.

முகாமில் இருந்த காலத்தில் ஒரு நாள் ஒரு ஆள் கடதாசி ஒன்றோடு வந்தான். நல்ல உடுப்பு, நல்ல குரல். நிவாரண அரிசிக்கான கடதாசி என்று உரத்து வாசித்துக் காட்டினான். உம்மா பெருவிரலை வைத்தார். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, எங்கள் கொட்டில் நின்ற நிலத் துண்டை இன்னொருவருக்கு விட்டுக் கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு முகாமின் மறு பக்கத்துக்குப் போனோம். அந்தப் பக்கம் மழைக்குத் தண்ணீர் நிற்கும்.

அதற்குப் பிறகு உம்மாவிடம் ஒரு வழக்கம் வந்தது. எந்தக் கடதாசியிலும் தன் காதால் முழுதும் கேட்காமல் விரல் வைக்க மாட்டார். இன்னொன்றையும் அன்றே முடிவு செய்தார். "ஒரு புள்ளயாவது வாசிக்கோணும்." அந்தப் பிள்ளை நான்.

எட்டு வயதில் நான் எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் வாசிக்கிற பிள்ளையாகிவிட்டேன். நிவாரண அட்டை, கிளினிக் அட்டை, சவூதியிலிருந்து வருகிற கடிதம், எல்லாம் என்னிடம் வரும். கூலியாக இனிப்புத் தொதல் துண்டு கிடைக்கும். சில வீடுகளில் பெரியவர்கள் கதிரையை விட்டு எழுந்து எனக்குத் தருவார்கள். அந்தக் கதிரையில் கால் தொங்க உட்கார்ந்து வாசித்த பெருமை இன்றும் என் உடம்பில் இருக்கிறது. அதை மறைக்க எனக்குத் தெரியாது.

ஓர் 'ஆம்'

உம்மாவின் பேச்சில் ஒரு விஷயத்தை நான் சின்ன வயதிலேயே கவனித்திருக்கிறேன். மற்றவர்கள் வாசித்துச் சொன்னதை அவர் எப்போதும் ஓர் 'ஆம்' போட்டுத்தான் சொல்வார். "அரிசி வருமாம்." "வீடு கட்டித் தருவாங்களாம்." "ஊருக்குத் திரும்பிப் போகலாமாம்." கேட்டதைச் சொல்கிறேன், பொறுப்பு எனக்கில்லை என்று அர்த்தம்.

நான் வாசித்தால் அந்த 'ஆம்' இருக்காது. "திங்கக்கிழமை அரிசி வரும்," என்பார், தானே கண்டவர் போல. யாராவது சந்தேகப்பட்டால், "எழுதி இருக்கு. என்ட மகள் வாசிச்சா," என்பார். கதை அதோடு முடிந்துவிடும்.

அன்று வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று உம்மா ஜெஸீமா மாமியிடம் சொன்னது இதுதான்: "என்ட மகள் முதலாவதா வந்திருக்கா. கம்பஸில என்னையும் பாராட்டி எழுதி இருக்கு."

சுவரில்

எப்படிப் பெயிலானேன் என்பதற்குப் பெரிய கதை இல்லை. விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தன. மற்றப் பிள்ளைகள் விளங்காவிட்டால் கையைத் தூக்கினார்கள், கூடிப் படித்தார்கள், அண்ணன்மாரிடம் பழைய குறிப்புகளைக் கேட்டு வாங்கினார்கள். நான் தலையாட்டினேன். எட்டு வயதிலிருந்து ஊருக்கு வாசித்துக் காட்டியவள் இன்னொருத்தியிடம் போய், "இது என்ன எண்டு சொல்லித் தாறீங்களா?" என்று கேட்பதா?

கடிதத்தை அன்று பின்னேரமே ஒளித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் உம்மா அதைத் தன் கையிலேயே வைத்திருந்தார். மறுநாள் நான் எழும்பும்போது நானாவும் கடிதமும் கற்பிட்டிக்குப் போயிருந்தார்கள்.

நானா அதை லெமினேட் பண்ணி, சட்டம் போட்டுக் கொண்டு வந்தான். அடியில் பிளாஸ்டிக் றோசாப் பூக்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. கதவைத் திறந்ததும் தெரிகிற சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டான். எங்கள் வீட்டுச் சுவரில் அதற்கு முன் மக்கா படம் ஒன்றுதான் இருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் அதன் முன் நின்று பார்த்தார்கள். யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. "எழுத்துக் கூட என்ன வடிவு," என்றார் ஜெஸீமா மாமி. அவர் அன்று கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

விடுமுறை முடியும் வரைக்கும் நான் அந்தச் சுவரைப் பார்க்காமலே நடந்தேன். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் வேலை செய்கிற, ஆங்கிலம் தெரிந்த யாராவது ஒருத்தர் தண்ணீர் கேட்டு வந்தாலும் போதும் என்ற பயம் மட்டும் கூடவே நடந்தது.

பேனை இல்லாத அறை

பல்கலைக்கழகம் திறந்து திரும்பிப் போனபோது இரண்டாம் வருடப் பட்டியலில் என் பெயர் இல்லை. தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் மேலிருந்து கீழ் இரண்டு தரம் பார்த்தேன். பிறகு இரண்டு கிழமை, நாள்தோறும் காலையில் விடுதியிலிருந்து புறப்பட்டு, விரிவுரைக்குப் போகிறவள் போல நடந்து, நூலகத்தின் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவ நிலையத்துக்குப் பின்னால் மாணவர்களுக்கென்று இரகசிய ஆலோசனை அறை ஒன்று இருந்தது. பெயர் தேவையில்லை, சொல்வது வெளியில் போகாது என்று மூன்று மொழியிலும் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். தமிழில் மட்டும் 'இரகசிய அலோசனை' என்று இருந்தது. முதலாம் வருடத்தில் கூட்டாளிகளோடு அந்தப் பக்கம் போனபோது, நான் நீலப் பேனையை எடுத்து 'அ'வுக்கு வால் போட்டு 'ஆ' ஆக்கினேன். "இங்க போறவங்களுக்கு எழுத்துப் பிழையாவது இல்லாம இருக்கட்டும்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று அந்த அறைக்கு முன் கதிரையில் காத்திருந்தபோது என் நீல வால் எனக்கு நேரே இருந்தது.

உள்ளே இருந்தவர் ஷிராணி மிஸ். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். சிலாபம் பக்கம். சிங்களத்தில் யோசித்துத் தமிழில் மெதுவாகப் பேசினார்.

"பேர் வேணாம் நங்கி. கூப்பிட ஒரு பேர் மட்டும் சொல்லுங்க. பொய்ப் பேர் எண்டாலும் ஹரி."

சிங்களத்தில் 'நங்கி' என்றால் தங்கச்சி; அவர்களுடைய 'ஹரி' எங்களுடைய 'சரி'. நான் யோசித்து வைத்த பெயர் வேறு. வாயில் வந்தது உம்மாவின் பெயர்.

"ஹாஜரா."

"ஹரி ஹாஜரா. சொல்லுங்க."

உம்மாவின் பெயரையும் 'சொல்லுங்க' என்ற சொல்லையும் ஒன்றாக நான் கேட்டது அதுதான் முதல் தரம். உம்மா நின்ற வரிசைகளில் எல்லாம் "இந்தா, இந்தப் பக்கம் வா" என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள்.

"வீட்டுக்கு வந்த கடிதத்தக் கொஞ்சம் மாத்தி வாசிச்சிட்டன் மிஸ்."

"மாத்தி எண்டா? சிங்களத்திலயா?"

"இல்ல. கருத்த மாத்தி."

"கருத்த..." அவர் தமிழுக்குள் தேடினார். "அனே, பொய் சொன்னீங்களா?"

அவருடைய தமிழில் அதற்கு வேறு சொல் இல்லை. என்னுடைய தமிழில் நிறைய இருந்தன. ஒரு மாதமாக அவற்றைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஓம்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிந்ததும் நான் கேட்டதை இங்கே எழுதக் கை கூசுகிறது. படிக்க உதவி கேட்கவில்லை. என்ன செய்வதென்று கேட்கவில்லை. "மிஸ், கம்பஸ் பேர் போட்ட தாளில ஒரு கடிதம் தர ஏலுமா? நல்லாப் படிக்கிறா எண்டு, ஏதாவது. சுவரில இருக்கிறதக் கழட்டிட்டு அத மாட்டலாம்."

அவர் கோபிக்கவில்லை. மேசை லாச்சியை இழுத்துக் காட்டினார். வெறுமையாக இருந்தது. "இங்க பேனையே இல்ல ஹாஜரா. நீங்க சொல்றது ஒண்டையும் நான் எழுதுறேல்ல. எழுதினா யாராவது வாசிப்பாங்க தானே?" பிறகு கதவுப் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தார். "யாரோ ஒரு புள்ள எங்கட நோட்டிஸைக்கூட அதுட பேனையால சரியாக்கி வெச்சிருக்கு. நல்ல புள்ள."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"கடிதத்தில என்ன இருக்கு? எல்லாம் வாசிங்க."

றோசாப் பூவுக்குக் கீழே

என் போனில் அதன் படம் இருந்தது. சட்டம் மாட்டிய அன்று நானா அனுப்பியது. நான் அதைத் திறந்ததே இல்லை. அன்று திறந்து, ஷிராணி மிஸ்ஸுக்கு உள்ளபடி வாசித்தேன். மூன்றாவது வரி, இரண்டு பாடம், அனுமதி இல்லை.

"கீழ?"

"பூ மறைக்குது மிஸ்."

"வீட்டில இருக்கேக்க கீழ வாசிக்கலயா?"

"இல்ல."

"ஒரு மாசமா?"

ஊருக்கே வாசிக்கிறவள், தனக்கு வந்த கடிதத்தை முடிவு வரைக்கும் வாசிக்கவில்லை.

அங்கிருந்தே நானாவுக்குக் கோல் எடுத்தேன். கரையில் நின்றான் போல. அலைச் சத்தத்துக்கு மேலால் கத்தினான். "தங்கச்சி! கூட்டாளிமாருக்கெல்லாம் படத்தக் காட்டினியா?"

"நானா, வீட்ட போனா அந்தப் பூவக் கழட்டிட்டு இன்னொருக்கா எடுத்து அனுப்புங்க."

"ஏன், பூ வடிவில்லையா? கற்பிட்டி முழுக்கத் தேடி வாங்கினது."

"வடிவுதான். எழுத்துத் தெரியோணும்."

"அதுசரி. எழுத்துத்தானே முக்கியம்," என்றான் நானா.

அவனுடைய குரல் அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது. ஷிராணி மிஸ் வெறும் லாச்சியை மெதுவாகத் தள்ளி மூடினார்.

மறுநாள் படம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி அவரிடம் போனேன். பூ இருந்த இடத்தில் ஒரு பந்தி இருந்தது. குறித்த இரண்டு பாடங்களையும் விசேட மீள்பரீட்சையில் எழுதலாம். சித்தியடைந்தால் வருடம் வீணாகாது. விண்ணப்பத்தோடு இந்தக் கடிதத்தின் மூலப்பிரதியும், பெற்றோரின் கையொப்பமும் வேண்டும். முடிவுத் திகதிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒரு மாதமாக அந்தப் பந்தி எங்கள் வீட்டுச் சுவரில், பூவுக்குப் பின்னால், தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது அடுத்த பொய். அவ்வளவு சீக்கிரம்.

"பிரச்சின இல்ல மிஸ். பதக்கத்துக்கு உம்மாட கைநாட்டு வேணும் எண்டு சொல்லுவன். கடிதத்தையும் கேக்கிறாங்க எண்டு சொல்லிக் கழட்டிடலாம்."

ஷிராணி மிஸ் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் ஹாஜரா. நீங்க அப்படிச் செய்தாலும் சொல்ல மாட்டன். அது என்ட வேலை." பிறகு சொன்னார், "ஆனா எனக்குத் தெரியும் தானே."

நான் எழுந்து வந்தேன். முதல் பொய்யைச் சொன்னபோது அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

நீலப் பெருவிரல்

மாம்புரிக்குப் போய்ச் சேரும்போது காலை. வழியெல்லாம் பதக்க வசனத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டுதான் போனேன். நுரைச்சோலைப் புகைபோக்கி தெரியும்போது அது முழுதாகத் தயாராக இருந்தது.

"கம்பஸில ஒரு கடதாசிக்கு உங்கட கைநாட்டு வேணும் உம்மா."

நானா பழைய பேனை ஒன்றின் குழாயை உடைத்து, மையைத் தட்டில் ஊதினான். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதிரையில் உட்கார்ந்தார். பெருவிரலை மையில் அழுத்தி, தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு சொன்னார்:

"வாசி."

நான் வாசிக்கும்போது உம்மா எப்போதும் தாளைத்தான் பார்ப்பார். சத்தம் என் வாயிலிருந்து அல்ல, தாளிலிருந்து வருவது போல.

"விண்ணப்பதாரியின் பெற்றோராகிய நான்..." என்று தொடங்கினேன். அடுத்து பதக்கம் வரவேண்டும். உம்மா வரியோடு வரியாகக் கண்ணை நகர்த்திக்கொண்டிருந்தார். நீலப் பெருவிரல் தாளுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. ஹாஜரா, சொல்லுங்க என்ற குரல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

"உம்மா, நான் பெயில்."

நானா சிரித்தான். "பகிடி விடாத. முதலாவதா வந்தவள் எப்பிடிப் பெயில்?"

"முதலாவதா வரல்ல. ரெண்டு பாடம் பெயில். சுவரில இருக்கிறது அந்தக் கடிதம்தான்."

நானா சுவரைப் பார்த்தான். பூவைத் திருப்பி ஒட்டியிருந்தான். முந்தியதைவிட நேராக.

உம்மா விரலை இறக்கவில்லை. "அப்ப அண்டைக்கு வாசிச்சது?"

"அதில இல்ல உம்மா. நான் சொன்னது."

"என்னப் பத்தி எழுதி இருந்தது?"

முதலாம் இடத்தைப் பற்றி அல்ல, அதைத்தான் கேட்டார்.

"அதுவும் இல்ல."

வெளியே யாரோ சைக்கிளில் பாண் விற்றுக்கொண்டு போனார்கள். அந்த மணிச் சத்தம் ஒழுங்கை முடியும் வரைக்கும் கேட்டது. உம்மாவின் விரலில் மை காய்ந்துகொண்டிருந்தது.

"அவனும் நல்லாத்தான் வாசிச்சான்," என்றார் உம்மா.

யார் என்று நானா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஆளின் முகம் எனக்கு நினைவில்லை. அன்று பாயைத் தூக்கிக்கொண்டு நடந்ததும், முகாமின் மறு பக்கத்தில் கால் புதைந்ததும் மட்டும் நினைவிருக்கிறது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உம்மா திட்டவில்லை. கையை மறுபடி தட்டுக்குக் கொண்டுபோய் விரலை நனைத்தார். "ரெண்டையும் வாசி. முதல்ல சுவரில இருக்கிறது, பிறகு இது. அதில இருக்கிறத மட்டும்."

நானா சட்டத்தைக் கழற்றி என் மடியில் வைத்தான். முழுக்க வாசித்தேன். 'வருந்துகிறோம்' என்ற இடத்தில் என் குரல் நின்றது. "ம்," என்றார் உம்மா. மேலே வாசித்தேன். முடிந்ததும் அவர் விரலை வைத்து, அழுத்தி, எடுத்தார். ரேகைகள் ஒவ்வொன்றும் தெளிவாகப் பதிந்திருந்தன.

அன்று பின்னேரம் ஜெஸீமா மாமி வெறும் ஆணியைப் பார்த்து, "எங்க ஹாஜரா கடிதம்?" என்று கேட்டார். "கம்பஸில திருப்பிக் கேட்டிருக்கு," என்றார் உம்மா. அது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு உம்மா குசினிக்குள் போய், ஒரு வேலையும் இல்லாமல் அங்கே நெடுநேரம் நின்றார். அவரையும் எனக்காக மாற்றிச் சொல்ல வைத்துவிட்டேன்.

லெமினேட் பண்ணிய தோல்வி

முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முன்னதாக விண்ணப்பத்தைக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்தவர் அந்தக் கடிதத்தை வளைத்துப் பார்த்தார். "இதை எதுக்கு லெமினேட் பண்ணினீங்க?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து மேசைக்கும் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். துளை போட முடியாமல், கோப்பில் கிளிப் மாட்டி வைத்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சேர வேண்டியதுதான்.

அந்தத் தரம் கையைத் தூக்கினேன். விளங்காததை விளங்கவில்லை என்று சொன்னேன். என்னைவிட ஒரு வருடம் சின்னப் பிள்ளைகளோடு கூடிப் படித்தேன். ஷிராணி மிஸ்ஸிடம் இன்னும் சில தரம் போனேன். என் பெயர் ஹாஜரா இல்லை என்று அவரிடம் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. அந்த நீல வால் என்னுடையது என்றும் சொல்லவில்லை.

நல்ல கடிதம்

மீள்பரீட்சை முடிவும் வீட்டுக்குத்தான் போனது. நான் ஊருக்குப் போய் இறங்கியபோது உம்மா முற்றத்தில் நெத்தலி காயவைத்துக்கொண்டிருந்தார். அலுமாரிக்குப் போகவில்லை. கையைத் துடைக்கவில்லை.

"கடிதம் வந்திருக்கு. நீ பாஸாம்," என்றார்.

உறை மேசையில் இருந்தது. ஓரம் ஒழுங்காக, கத்தரிக்கோலால் வெட்டித் திறந்திருந்தது.

"யார் வாசிச்சது உம்மா?"

"நுரைச்சோலையில பாமசி வெச்சிருக்கிற தம்பி. நானா சைக்கிள்ல ஏத்திக் கொண்டு போனான்." சொல்லிவிட்டு ஒரு நெத்தலியைத் திருப்பிப் போட்டார். "நல்ல கடிதமாம்."

நான் உறையைக் கையில் எடுத்தேன். "நான் ஒருக்கா வாசிக்கட்டா?"

"வாசி."

வெயிலில் நின்று வாசித்தேன். திகதி, இலக்கம், விலாசம், ஒன்றையும் விடவில்லை. 'மகிழ்ச்சியடைகிறோம்' என்ற சொல் இந்தத் தரம் உண்மையாகவே இருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் தாளில் விரலை வைத்துக் காட்டினேன்.

உம்மா தாளைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெஸீமா மாமி எட்டிப் பார்த்தார். "என்ன ஹாஜரா, மகள் என்ன வாசிக்கிறா?"

"ரெண்டாம் வருசத்துக்குப் போகலாமாம்," என்றார் உம்மா.